நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

உங்கள் தம்பிக்கு 23 வயது. ஒன்றரை ஆண்டாக டேபென்டடால் என்ற வலி மாத்திரையை முதலில் விழுங்கி, பிறகு தண்ணீரில் கரைத்து ஊசியாக ஏற்றி வந்திருக்கிறான். இப்போது மனநல மருத்துவர் கொடுத்த புப்ரெனார்ஃபின், நலோக்சோன் இரண்டும் சேர்ந்த மாத்திரையை மூன்று வாரமாக நாக்குக்கு அடியில் வைத்து வருகிறான். வேலைக்குப் போகிறான், சாப்பிடுகிறான், தூங்குகிறான். "இதை எத்தனை நாளில் நிறுத்தலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு கேள்விக்குள் இன்னும் மூன்று ஒளிந்திருக்கின்றன. அப்பா சொல்வதுபோல இது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா? முதல் நாள் மாத்திரை வைத்த அரை மணியில் அவன் வாந்தியெடுத்துத் துடித்தது ஏன்? மாமா சொல்லும் போதை மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் சேர்த்தால் மருந்தே இல்லாமல் தேறிவிட மாட்டானா?

முதலில் சுருக்கமான பதில்: இப்போது நிறுத்தாதீர்கள், நிறுத்தச் சொல்லி அவனை நெருக்கவும் செய்யாதீர்கள். மூன்று வாரம் என்பது மருந்தின் அளவு உடம்புக்குப் பழகி நிலைக்கு வரும் காலம், அவ்வளவுதான். இந்தச் சிகிச்சையை மாதக்கணக்கில் எண்ணுவதைவிட ஆண்டுக்கணக்கில் எண்ணுவதே பொருத்தம். இதைக் கேட்டதும் வீட்டில் அதிர்ச்சி வரும் என்று தெரியும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

டேபென்டடால், டிரமடால், ஹெராயின், மார்ஃபின் எல்லாமே ஓபியாய்டு என்ற ஒரே குடும்பத்து மருந்துகள். மூளையில் 'மியூ' என்ற ஒரே வகை ஏற்பியில், அதாவது மருந்து பொருந்தி உட்காரும் இடத்தில், போய் உட்கார்ந்து வேலை செய்பவை. டேபென்டடாலின் வேகம் நாலைந்து மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கியதும் கொட்டாவி, மூக்கு ஒழுகல், கண்ணில் நீர், புல்லரிப்பு, கை கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு, உட்காரவும் படுக்கவும் முடியாத தவிப்பு. அதைத் தணிக்க அடுத்த மாத்திரை. ஒரு நாளில் நாலு முறை இப்படி ஏறி இறங்கும் உடம்புக்கு அடுத்த மாத்திரையைத் தேடுவதைத் தவிர வேறு எந்த வேலைக்கும் நேரம் இருக்காது. பொய், கடன், வீட்டில் காணாமல் போகும் பொருள் எல்லாம் அங்கிருந்து வருபவை.

புப்ரெனார்ஃபினும் அதே ஏற்பியில்தான் உட்காருகிறது. ஆனால் இரண்டு விதத்தில் மாறுபடுகிறது. ஏற்பியை அது பாதி அளவுக்குத்தான் தூண்டும். அதனால் அளவைக் கூட்டினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் போதையும் ஏறாது, மூச்சை அடக்கும் விளைவும் ஏறாது. இரண்டாவது, ஏற்பியை மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், மெதுவாகத்தான் விடும். ஒரு வேளை மருந்து ஒரு நாள் முழுக்கத் தாங்குவது இதனால்தான். இடையில் டேபென்டடால் போட்டாலும் பழைய கிறக்கம் கிடைக்காமல் போவதும் இதனால்தான். அப்பா சொல்வதில் ஒரு பகுதி உண்மை: இதுவும் ஓபியாய்டு மருந்துதான், திடீரென்று நிறுத்தினால் குடைச்சலும் தவிப்பும் வரும். உடம்பு ஒரு மருந்துக்குப் பழகிப்போவது வேறு, அந்தப் பொருளுக்காக வாழ்க்கையை அழித்துக்கொள்வது வேறு. முதலாவதை மருத்துவத்தில் உடல் சார்பு என்கிறோம். இரண்டாவதுதான் அடிமைத்தனம். உங்கள் தம்பியிடம் இப்போது மேலோங்கி இருப்பது முதலாவது. மூன்று வாரத்துக்கு முன் இரண்டுமே இருந்தன. இதே சிகிச்சைக்குப் பயன்படும் மெத்தடோன் என்ற மருந்தையும் புப்ரெனார்ஃபினையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டுதான்.

முதல் நாள் நடந்ததற்கு வருகிறேன். காலை ஆறு மணிக்குக் கடைசி ஊசி, பத்து மணிக்கு மருத்துவமனையில் முதல் மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள். இடைவெளி நாலு மணி நேரம்தான். ஏற்பிகள் எல்லாம் டேபென்டடாலால் நிரம்பியிருக்கும்போது புப்ரெனார்ஃபின் உள்ளே வந்தால், அது வலுவாகப் பிடிக்கும் மருந்து என்பதால் டேபென்டடாலை ஒரே அடியாகத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முழுத் தூண்டலில் இருந்த மூளை சில நிமிடங்களில் பாதித் தூண்டலுக்கு விழுகிறது. இரண்டு நாளில் மெல்ல வரவேண்டிய தவிப்பு அரை மணியில் கொட்டித் தீர்த்துவிடும். மருந்து ஒவ்வாமையும் இல்லை, மருத்துவர் தவறான மாத்திரை கொடுத்துவிட்டார் என்பதும் இல்லை. நேரக் கணக்கு பிசகிவிட்டது. பெரும்பாலும் "கடைசியாக எப்போது போட்டாய்?" என்ற கேள்விக்கு நோயாளி வெட்கத்தால் பொய் சொல்வதில்தான் இது தொடங்குகிறது. நேற்று இரவு என்று சொல்லியிருப்பான்.

மறுபடி தொடங்க வேண்டிய நிலை என்றாவது வந்தால் இந்தக் கணக்கு உதவும். டேபென்டடால், டிரமடால், ஹெராயின் போன்றவற்றுக்குக் கடைசி வேளையிலிருந்து குறைந்தது 12 மணி நேரம் போக வேண்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் வகை மாத்திரை என்றால் 24 மணி நேரம். மெத்தடோனிலிருந்து மாறுபவருக்கு இன்னும் நீளும், ஒன்றிலிருந்து மூன்று நாள்வரை. கடிகாரத்தைவிட உடம்பை நம்புவது நல்லது: கண்பாவை விரிந்திருக்கிறதா, ரோமம் குத்திட்டு நிற்கிறதா, வியர்க்கிறதா, கொட்டாவி அடிக்கடி வருகிறதா, நாடி வேகமாக ஓடுகிறதா. இவற்றை எண்ணிப் போட 11 அம்சங்கள் கொண்ட ஒரு மதிப்பெண் அட்டவணை உண்டு. மதிப்பெண் 8 முதல் 12 வரையான அளவை எட்டிய பிறகு முதலில் 2 மில்லிகிராம், சிலருக்கு 4. ஒன்றிரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, தவிப்பு அடங்கவில்லை என்றால் இன்னொரு 2. முதல் நாள் மொத்தம் வழக்கமாக 8ஐத் தாண்டாது. இதை வீட்டில் நீங்களாகச் செய்துபார்க்க எழுதவில்லை, மருத்துவமனையில் எதற்காகக் காக்க வைக்கிறார்கள் என்று புரிவதற்காக எழுதுகிறேன்.

மாத்திரையை வைக்கும் முறையிலேயே பாதிப் பேருக்குச் சிக்கல். இதை விழுங்கினால் பெரும்பகுதி ஈரலிலேயே சிதைந்துவிடும், இரத்தத்துக்கு வந்துசேர்வது மிகக் குறைவு. நாக்குக்கு அடியில் உள்ள மெல்லிய தோல் வழியாக உறிஞ்சப்பட வேண்டும். வைப்பதற்கு முன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து வாயை ஈரமாக்கிக்கொள்ளட்டும், காய்ந்த வாயில் கரையாது. மாத்திரைகளை நாக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்காமல் இரு பக்கமும் பிரித்து வைத்து, தலையைச் சற்றுக் குனிந்தபடி, 5 முதல் 10 நிமிடம் பேசாமல், எச்சிலை விழுங்காமல் இருக்க வேண்டும். போனில் பேசிக்கொண்டே வைத்தால் பாதி மருந்து வயிற்றுக்குள் போய்விடும். பிறகு "மதியத்துக்கு மேல தாங்கல" என்று சொல்லுவான், மருந்து போதவில்லை என்று எல்லோரும் நினைப்பார்கள். வைப்பதற்கு முன்னும் பின்னும் சிறிது நேரம் பீடி, சிகரெட்டைத் தவிர்ப்பதும் நல்லது. முழுக்கக் கரைந்த பிறகு வாந்தி வந்தாலும் கவலை இல்லை, மருந்து ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். மறுபடி வைக்க வேண்டாம். கரைந்து முடிந்ததும் ஒரு வாய்த் தண்ணீர் எடுத்து மெல்லக் கொப்புளித்து விழுங்கிவிடட்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் தேய்க்க வேண்டும். வாயில் கரைக்கும் இந்த மருந்தால் பற்சிதைவு வரலாம் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2022 ஜனவரியில் எச்சரித்தது. உடனே தேய்த்தால் இளகியிருக்கும் எனாமல் தேய்ந்துபோகும்.

அவன் இப்போது நாளுக்கு 4 மில்லிகிராம் எடுக்கிறான், மாலையானால் கொட்டாவியும் முதுகு வலியும் வருகிறது, இரவில் மாத்திரை நினைப்பு வருகிறது என்ற வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பதிவில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். வைக்கும் முறை சரியாக இருந்தும் இப்படி இருந்தால் அளவு போதவில்லை என்று பொருள். நாளுக்கு 2 முதல் 6 மில்லிகிராம் வரையான அளவுகள் ஆளைச் சிகிச்சையில் தக்கவைக்கும், ஆனால் வெளியில் தேடுவதை நிறுத்தும் அளவுக்கு உதவுவதில்லை என்பதுதான் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. பெரும்பாலோருக்கு 8 முதல் 16 தேவைப்படுகிறது, சிலருக்கு 24 வரை போகும். "குறைந்த அளவே நல்லது" என்று வீட்டார் பெருமைப்படுவதும், அதைக் கேட்டு நோயாளி தவிப்பை மறைப்பதும் கடைசியில் ஊசியில்தான் கொண்டுபோய் விடும். அடுத்த முறை மருத்துவரிடம் மாலை நேரத் தவிப்பைப் பற்றி அவனே வாய்விட்டுச் சொல்லட்டும். அவருக்கு அது தெரியாமல் அளவைச் சரிசெய்ய முடியாது.

பக்க விளைவுகளில் மலச்சிக்கல்தான் அதிகம் படுத்தும். நிறையத் தண்ணீர், கீரை, பழம், தேவைப்பட்டால் மருத்துவர் தரும் மலமிளக்கி. தலைவலி, வியர்வை, முதல் சில நாள் மந்தம் ஆகியவை பெரும்பாலும் தானாகக் குறையும். அளவு மாறும் நாள்களில் பைக் ஓட்ட வேண்டாம். ஒரு நாள் மருந்து விட்டுப்போனால் மறுநாள் வழக்கமான அளவே போதும், இரட்டிப்பாக்கக் கூடாது. ஐந்தாறு நாள் விட்டுப்போய், இடையில் டேபென்டடாலும் போட்டிருந்தால், பழைய அளவைத் தானாக வைக்காமல் மருத்துவரிடம் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இனி காலக் கணக்கு. 2003இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றை இந்தத் துறையில் யாரும் மறப்பதில்லை. ஹெராயின் பழகிய 40 பேர். இருபது பேருக்கு நாளுக்கு 16 மில்லிகிராம் புப்ரெனார்ஃபின் ஓராண்டு முழுக்க. மற்ற இருபது பேருக்கு ஆறே நாளில் அளவைக் குறைத்து நிறுத்திவிட்டு, அதன்பின் மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஆலோசனையும் குழுச் சிகிச்சையும் இருசாராருக்கும் ஒன்றுபோலவே. ஓராண்டு முடிவில் முதல் பிரிவில் 75 விழுக்காட்டினர் சிகிச்சையில் இருந்தார்கள். இரண்டாம் பிரிவில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. இருபதில் நாலு பேர் இறந்துபோயிருந்தார்கள். ஆலோசனை இருந்தும் அவர்களைக் காக்க முடியவில்லை.

அவர்கள் ஹெராயின்காரர்கள், என் தம்பி மாத்திரைதானே என்று நீங்கள் கேட்கலாம். மருந்துக்கடை ஓபியாய்டு மாத்திரைகளுக்கு அடிமையான 653 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2011இல் முடிவு வந்தது. புப்ரெனார்ஃபின் எடுத்துக்கொண்டிருந்த 12ஆம் வாரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் நன்றாக இருந்தார்கள். அதன்பின் அளவைக் குறைத்து நிறுத்தினார்கள். நிறுத்திய 8 வாரத்தில் நன்றாக இருந்தவர்கள் 9 விழுக்காட்டுக்கும் குறைவு. பல நாடுகளின் பதிவுகளைத் திரட்டி 2017இல் வந்த கணக்கு உயிரைப் பற்றியே பேசுகிறது: புப்ரெனார்ஃபினில் இருக்கும் காலத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் இறப்பு 4.3, விட்ட பிறகு 9.5. மெத்தடோனில் இருக்கும்போது 11.3, விட்ட பிறகு 36.1. சிகிச்சையில் இருக்கும்வரை உயிருக்கு ஆபத்து குறைகிறது என்பதில் இந்தத் துறையில் கருத்து வேறுபாடு கிடையாது.

எந்த மாதத்தில் நிறுத்தலாம் என்பதைத்தான் யாரும் அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. ஓராண்டா, ஐந்தாண்டா, அதற்கும் மேலா என்பதற்குச் சான்று அடிப்படையிலான ஒரு கெடு இல்லை. யார் நிறுத்திய பிறகும் நிற்பார்கள் என்பதை முன்கூட்டியே காட்டும் சோதனையும் இல்லை. குறைந்தது ஓராண்டு நிலையாக இருந்து, வேலை, தூக்கம், நட்பு வட்டம் மாறி, ஊசி நினைப்பே வராத நிலையில், அவனே விரும்பிக் கேட்டால் மெல்லக் குறைக்கத் தொடங்கலாம் என்பது என் கருத்து. இதை அனுபவ வழக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பாவின் நெருக்கடி, திருமணப் பேச்சு, வெளியூர் வேலை ஆகியவை குறைப்பதற்கான காரணங்கள் ஆகா.

குறைக்கும்போது ஒரு விசித்திரம் பலரையும் ஏமாற்றும். 8இலிருந்து 6க்கு இறங்குவது எளிதாக இருக்கும். "பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை" என்று துணிந்து 2இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவார்கள், அங்கே விழுவார்கள். 16 மில்லிகிராம் ஏற்பிகளில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைப் பிடித்திருக்கும் என்றால், வெறும் 2 மில்லிகிராமே 40 விழுக்காட்டைப் பிடித்திருக்கும். ஆகவே கடைசி 2 மில்லிகிராம்தான் மலையிலிருந்து இறங்கும் செங்குத்தான பகுதி. அங்கே 0.4 மில்லிகிராம் மாத்திரைகளை வைத்து, மாதக்கணக்கில், படிப்படியாக இறங்க வேண்டும். நடுவில் தவிப்பு வந்தால் முந்தைய படிக்கு ஏறிக்கொள்வதில் எந்தத் தோல்வியும் இல்லை.

மாமா சொல்லும் மையம். எல்லா மறுவாழ்வு மையங்களையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். மருத்துவரோடும் ஆலோசகரோடும் நேர்மையாக நடக்கும் இடங்கள் தமிழ்நாட்டில் உண்டு, குடிநோய்க்கு அவை பெரிதும் உதவியிருக்கின்றன. ஓபியாய்டுக்கு மட்டும் "மருந்தில்லாமல் மூன்று மாதம் அடைத்து வைப்பது" குறிப்பாக ஆபத்தானது. உடம்பு ஓபியாய்டைத் தாங்கும் சக்தி சில வாரங்களில் குறைந்துவிடும். ஆசையோ அப்படியே இருக்கும். மூன்று மாதம் கழித்து வெளியே வந்தவன் பழைய நண்பனைப் பார்க்கிறான், பழைய கணக்கில் பத்து மாத்திரையைக் கரைக்கிறான். முன்பு தாங்கிய அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். சிறையிலிருந்து வெளிவந்த முதல் வாரங்களில் இறப்பு கூடுவதும் இதே காரணத்தால்தான்.

சட்டமும் மாமா பக்கம் இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப்பொருள் சார்ந்த மனநிலைக் கோளாறுகளையும் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. இத்தகைய சிகிச்சைக்காக ஆளைத் தங்கவைக்கும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவன் விருப்பமில்லாமல் சேர்க்க வேண்டுமானால் வீட்டார் கையெழுத்து மட்டும் போதாது: ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் 30 நாள்வரைதான், அதற்கு மேல் மனநல வாரியத்தின் அனுமதி வேண்டும். சங்கிலியால் கட்டுவது எந்த நிலையிலும் குற்றம். மையத்துக்குப் போய்ப் பார்க்கும்போது பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். "புப்ரெனார்ஃபினைத் தொடர்ந்து கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அங்கே சேர்க்க வேண்டாம்.

வேறு மருந்துகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நால்ட்ரெக்சோன் என்பது ஏற்பியை அடைத்து வைக்கும் மருந்து, போதைத் தன்மை சிறிதும் இல்லாதது. அதனாலேயே வீட்டாருக்குப் பிடிக்கும். ஆனால் அதைத் தொடங்க 7 முதல் 10 நாள் எந்த ஓபியாய்டும் இல்லாமல் இருக்க வேண்டும், புப்ரெனார்ஃபினிலிருந்து மாறுபவருக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். அந்த இடைவெளியைத் தாண்ட முடியாமலே பலர் விழுந்துவிடுகிறார்கள். தினமும் விழுங்கும் 50 மில்லிகிராம் மாத்திரையைப் பெரும்பாலோர் சில வாரங்களில் விட்டுவிடுகிறார்கள், ஆய்வுகளில் அது வெற்று மாத்திரையைவிட மேலானதாகத் தெரியவில்லை. விட்டவுடன் தாங்கும் சக்தியும் இருக்காது. உறுதியான மனமும் கூடவே நின்று மாத்திரை கொடுக்கும் ஆளும் உள்ள சிலருக்கு உதவும். மெத்தடோன் நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் 1960களின் நடுவில் நிறுவிக் காட்டிய பழைய, வலுவான சிகிச்சை. புப்ரெனார்ஃபின் போதாதவர்களுக்கு நல்லது. ஆனால் புப்ரெனார்ஃபினைப்போல அதன் விளைவுக்கு உச்சவரம்பு கிடையாது, உடம்பில் நாளுக்கு நாள் சேரும், இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கலாம். வழக்கமாக முதல் நாள் 30 மில்லிகிராமுக்கு மேல் தொடங்குவதில்லை. இந்தியாவில் சில மையங்களில்தான் கிடைக்கிறது. இப்போதைக்கு உங்கள் தம்பிக்கு அதற்குத் தேவை தெரியவில்லை.

அவன் மாத்திரையில் நலோக்சோன் ஏன் கலந்திருக்கிறது என்று அம்மா கேட்டாராம். நாக்குக்கு அடியில் வைத்தால் நலோக்சோன் ஏறக்குறைய உறிஞ்சப்படுவதே இல்லை, சும்மா கிடக்கும். யாராவது கரைத்து ஊசியாக ஏற்றினால் அது விழித்துக்கொண்டு போதையைக் கெடுக்கும். 2 மில்லிகிராம் புப்ரெனார்ஃபினுக்கு 0.5 நலோக்சோன் என்ற விகிதம். காரணமில்லாமல் வந்த எச்சரிக்கை இல்லை இது. 1990களில் சென்னையிலேயே புப்ரெனார்ஃபின் ஊசி மருந்தை வாங்கி நரம்பில் ஏற்றியவர்கள் இருந்தார்கள். அதனால்தான் இது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, சாதாரண மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்காது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஓஎஸ்டி (ஓபியாய்டு மாற்று மருந்து தரும்) மையங்களில் ஊழியர் கண்முன் வைத்துக் கரைக்கச் சொல்வதும் அதனால்தான். வீட்டுக்குத் தரும் மாத்திரையைப் பூட்டி வையுங்கள். சின்னக் குழந்தை ஒரே ஒரு மாத்திரையை வாயில் போட்டாலும் உயிருக்கு ஆபத்து. போலீஸ் பயத்தால் சிகிச்சைக்கு வரத் தயங்குபவர்களுக்காக ஒரு வரி: தானாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு, சொந்தப் பயன்பாடு அல்லது சிறிய அளவு தொடர்பான குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்கு அளிக்க போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு இருக்கிறது.

உச்சவரம்பு இருப்பதால் புப்ரெனார்ஃபின் மட்டும் எடுத்து இறப்பது பெரியவர்களில் அரிது. சாராயமோ, அல்பிரசோலம், நைட்ரசெபாம் போன்ற தூக்க மாத்திரையோ சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அவன் தூக்க மாத்திரையும் போட்டு வந்தவன் என்றால் அதை மருத்துவர் தெரிந்திருக்க வேண்டும். அதைத் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம் என்பதால் நீங்களாகப் பிடுங்கி வைக்காதீர்கள். என்றாவது அவனை எழுப்பியும் எழாமல், குறட்டை போலக் கொரகொரவென்று மூச்சு இழுத்து, இடையிடையே மூச்சு நின்று, கண்பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தால் 108ஐ அழையுங்கள். நம் நிறத்தில் நீலம் தெரியாது, உதட்டின் உட்பக்கத்தையும் நகக்கண்ணையும் பாருங்கள், சாம்பல் பூத்திருக்கும். மூச்சு நின்றால் ஐந்தாறு வினாடிக்கு ஒரு முறை வாய்வழி மூச்சு கொடுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். நலோக்சோன் ஊசி 0.4 மில்லிகிராம் மருத்துவமனையில் போடுவார்கள். பதில் இல்லை என்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் மறுபடி. அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான், மாத்திரையின் வேலை அதைவிட நீளம். எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று உடனே வீட்டுக்குக் கூட்டிவந்துவிடக் கூடாது.

மாத்திரையைக் கரைத்து ஏற்றியவன் என்பதால் சில பரிசோதனைகள் தள்ளிப்போடக் கூடாதவை: எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி. மாத்திரையில் மாவும் டால்கும் இருக்கும். அவை இரத்தக் குழாயை அடைக்கும், நுரையீரலில் போய்த் தங்கும். ஊசி போட்ட இடத்தில் கட்டி, காரணம் தெரியாத காய்ச்சல் இருந்தால் இதய வால்வில் தொற்று ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹெபடைட்டிஸ் சி இருந்தாலும் மனம் உடைய வேண்டாம், ஈரல் சுருக்கம் வராதவர்களுக்குப் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் அது புப்ரெனார்ஃபினை வேகமாகச் சிதைத்துவிடும், நன்றாக இருந்தவனுக்குத் திடீரென்று தவிப்பு வரும். வலிப்பு மருந்துகளான ஃபெனிட்டாயின், கார்பமாசெபினும் அப்படியே. நீங்கள் இணையத்தில் வாங்கியதாகச் சொன்ன சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை மார்ஃபினையும் ஹெராயினையும் காட்டும் வகை. டேபென்டடாலையும் காட்டாது, புப்ரெனார்ஃபினையும் காட்டாது. அதை வைத்து அவனைச் சந்தேகப்படவும் முடியாது, நம்பவும் முடியாது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவனோடு நீங்களும் போங்கள், ஆனால் முதல் பத்து நிமிடம் அவன் தனியாகப் பேசட்டும். மாலைத் தவிப்பைச் சொல்லி அளவைக் கூட்ட வேண்டுமா என்று கேட்கட்டும். இரத்தப் பரிசோதனைகளை எழுதித் தரச் சொல்லுங்கள், வேறு ஊருக்கு வேலைக்குப் போனால் மருந்து எங்கே கிடைக்கும் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விபத்தோ அறுவைச் சிகிச்சையோ வந்தால் காட்டுவதற்கு, எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று எழுதிய ஒரு சீட்டை அவன் பர்ஸில் வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான அறுவைச் சிகிச்சைகளுக்கு இந்த மருந்தை நிறுத்தத் தேவையில்லை, வலிக்கு வேறு மருந்து சேர்த்துக்கொள்வார்கள். மருத்துவர் கைக்கெட்டாத நேரத்தில் பேச ஆள் வேண்டும் என்றால் போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல உதவிக்கு 14416. 14416இல் தமிழிலேயே பேசலாம். அப்பாவையும் ஒருமுறை கூட்டிப்போங்கள், அவர் கேட்க நினைப்பதை மருத்துவரிடமே நேராகக் கேட்கட்டும்.